மேரிறோசின் பெயரில் இரண்டு பேர்

பாலாம்பிகையின் வலது முழங்கால் விடிய நாலு மணிக்கே விழித்துவிடும். ஆள் எழும்ப இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும். அதுவரை கால் தன்பாட்டில் குத்திக்கொண்டு கிடக்க, அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பக்கத்தில் கணவர் பரமேஸ்வரன் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டிலின் காலடியில் சின்னச் சூட்கேஸ் ஒன்று முதல்நாளே பூட்டி வைத்திருந்தது. இரண்டு உடுப்பு, ஒரு கம்பளிச் சட்டை, மருந்துப் பெட்டி, ஒரு போத்தல் சம்பல். வைன் தோட்டத்துக்குப் போகிற ஆள் சம்பல் கொண்டு போவாளா என்று மகள் கம்சிகா கேட்டுச் சிரித்தாள். வெள்ளைக்காரன் தருகிற சாப்பாட்டுக்கு வைனைவிடச் சம்பல்தான் தேவை என்று பாலாம்பிகை சொல்லிவிட்டாள்.

பயண ஒழுங்கு கம்சிகாவுடையது. மேரிறோஸ் இந்த மாதம் பத்தொன்பதாம் திகதி ரொறன்ரோவுக்குப் போகிறாள். மகன் றஜீவ் வீட்டுக்கு, ஒரேயடியாக. லண்டன் டூட்டிங்கில் இத்தனை வருடம் வாடகைக்கு இருந்த கவுன்சில் பிளாட்டின் கதவுத் திறப்பை ஒப்படைக்கவும் நாள் குறித்தாயிற்று. அம்மாவும் றோஸ் அன்ரியும் வேலைக்கும் கோயிலுக்கும் செத்த வீட்டுக்கும் தவிர ஓரிடமும் சேர்ந்து போனதில்லை என்பது கம்சிகாவுக்குக் கவலை. கென்ட் பக்கத்தில் ஒரு வைன் தோட்டத்தில் ஓர் இரவு தங்கி, திராட்சை பார்த்து, நாலு வகை வைன் ருசி பார்க்கிற மாதிரி ஒன்றை இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்தாள். இருவரும் பிறந்த நாளிலிருந்து வைனை வாயில் வைத்தவர்கள் இல்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

பாலாம்பிகைக்கு யோசனை வேறாக இருந்தது. மேரிறோசுக்குச் சொல்லாமல் முப்பத்திரண்டு வருடம் வைத்திருந்த ஒரு விஷயம் அவளிடம் இருந்தது. இந்த இரண்டு நாளில் சொல்லாவிட்டால் இனிச் சொல்ல வாய்ப்பில்லை. ரெலிபோனில் சொல்கிற விஷயம் இல்லை அது.

நோர்தேர்ன் லைன் சுரங்க ரயிலில் கடைசிப் பெட்டி என்பது இருவருக்கும் பழைய ஒப்பந்தம். பாலாம்பிகை கோலியர்ஸ் வுட்டில் ஏறினாள். அடுத்த ஸ்டேசன் டூட்டிங் புரோட்வேயில் மேரிறோஸ் ஏறினாள். பாலாம்பிகையைவிட மூன்று வயது மூத்தவள், அறுபத்தைந்து. நெடிய ஆள். இப்போது இரண்டு முழங்காலும் உள்ளுக்கு வளைந்து, நடக்கும்போது உயரத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கறுத்தக் கோட், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் கடைப் பை. பையிலிருந்து பொரித்த மணம் வந்தது.

“மட்டன் றோல். பன்ரண்டு,” என்றாள் இருந்தும் இராததுமாக. “உந்த வைன்காரங்கள் பிஸ்கட் துண்டும் சீஸும் தந்து ஏமாத்துவாங்கள். நீ என்ன கொண்டந்தனி?”

“சம்பல்.”

“அப்ப சரி. இனி அவங்கள் தண்ணி தந்தால் காணும்.”

அவர்கள் லண்டன் பிரிட்ஜில் இறங்கி ரயில் மாற வேண்டும். அங்கே மேரிறோஸ் எழும்பவில்லை; அதற்கு அடுத்த பாங்க் ஸ்டேசனில்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். ரயிலுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கிறது, ஒருக்கால் பார்த்துவிட்டுப் போவோம், இனி எப்போது பார்ப்பது என்றாள். எதை என்று பாலாம்பிகை கேட்கவில்லை.

இரண்டு பேரும் க்ளீனராக வேலை செய்த பழைய கட்டடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கழுத்து நோகப் பார்க்க வேண்டிய கண்ணாடிக் கட்டடம் ஒன்று நின்றது. கீழே கோப்பிக் கடை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளம் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பின்பக்கத்துச் சந்து மட்டும் பழைய மாதிரியே குப்பைத் தொட்டிகளோடு கிடந்தது. க்ளீனர்மார் உள்ளே போகிற கதவு அந்தச் சந்தில்தான் இருந்தது. முன்வாசலால் இரண்டு பேரும் ஒருநாளும் போனதில்லை.

மேரிறோஸ் சந்தின் முனையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

“இதில வைச்சுத்தான் என்ர அடையாளக் காட்டை உன்ர கழுத்தில கொளுவி விட்டனான். உனக்குக் கை மட்டுமில்லை நடுங்கினது, பல்லும் கிடந்து அடிச்சுது.”

“குளிர் அக்கா.”

“ஓமோம், ஜூலை மாசத்துக் குளிர்.”

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கோலியர்ஸ் வுட்டில் ஒரே வீட்டில் பதினாலு பேர் இருந்தார்கள். மேல்மாடிப் பின்னறையில் பாலாம்பிகையும் பரமேஸ்வரனும். பக்கத்தில் ஒரு கட்டில் மட்டும் கொள்ளுகிற சின்ன அறையில் மேரிறோஸ். அவள் நாலு வருடம் முந்தி வந்தவள், வேலை செய்ய அனுமதி இருந்தது. இவர்களுக்கு அந்த அனுமதியைத் தருகிற ஹோம் ஆபீஸ் கடிதம் இன்னும் வரவில்லை. அனுமதி இல்லாதவர்கள் அனுமதி உள்ளவர்களின் பெயரில் வேலை செய்வது அந்த நாளில் ஊரறிந்த வழக்கம். பெயரைக் கொடுக்கிற ஆட்கள் கூலியில் ஒரு பங்கை எடுப்பதும் வழக்கம். மேரிறோஸ் எடுக்கவில்லை. காலை ஐந்து மணி ஷிப்டை அவள் செய்தாள். மாலை ஆறு மணி ஷிப்டை அதே மேரிறோஸ் என்ற பெயரில் பாலாம்பிகை செய்தாள். கொம்பனியின் கணக்கில் ஓர் ஆள், நெடுநேரம் உழைக்கிற நல்ல ஆள்.

அட்டையில் இருந்த படம் மேரிறோசுடையது. அந்தப் படத்துக்கும் பாலாம்பிகைக்கும் இருந்த ஒற்றுமை இருவரும் கறுத்தப் பொம்பிளைகள் என்பது மட்டும்தான். ஒன்றரை வருடத்தில் ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் மேரிறோசின் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகி, கடைசியில் அந்த ‘எம்’ எழுத்தின் வளைவு சொந்தக்காரியைவிட பாலாம்பிகைக்குத்தான் வடிவாக வந்தது. தெருவில் யாராவது றோஸ் என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புவார்கள். ஒரே ஒரு குளிர்க் கோட்டும் இரண்டு பேருக்கும் பொது.

ஷிப்ட் வேறு என்பதால் வேலையிடத்தில் ஒருவரையொருவர் காண்பதில்லை. ஆனால் ஏழாம் மாடியில் மொப் வைக்கிற அலுமாரிக்குள், மேல்தட்டில், காலையில் போனவள் மாலையில் வருகிறவளுக்குக் கடிதம் வைப்பாள். அந்தக் கட்டடத்துக் கந்தோர்களின் குப்பையில் எடுத்த மஞ்சள் ஒட்டுத்தாளில் நாலு வரி. ‘ஐந்தாம் மாடி ரொய்லெட் அடைச்சுப் போச்சு, கையுறை போடு.’ ‘கூட்டம் நடந்த அறையில பிஸ்கட் மிச்சம், உனக்கு எடுத்து வைச்சிருக்கு.’ ‘பிரிட்ஜுக்குள்ள கேக் கிடக்கு, தின்னாத, சாராயம் ஊத்தினது.’ பாலாம்பிகை அந்தக் கேக்கைத் தின்றுவிட்டு, ‘சாராயம் நல்லாயிருந்தது’ என்று எழுதி வைத்தாள். அதைச் சந்தின் முனையில் நின்று நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் மேரிறோசுக்கு இருமல் வந்தது. கோப்பி வாங்கப் போன ஒரு பெடியன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

“கஷ்டம்தான்,” என்றாள் மேரிறோஸ். “எண்டாலும் அந்த வீட்டில நான் ஒருநாளும் தனியச் சாப்பிடேல்லை. இப்ப பார், ரீவியோட சாப்பிடுறன்.”

கென்டுக்குப் போகிற ரயிலில் மேரிறோஸ் யன்னலோரம் இருந்து ஒரு றோலைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வீடுகள் முடிந்து வயல் தொடங்கியது. பாலாம்பிகை எதிரே இருந்து அவளைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்தினாள். ஒழுங்குபடுத்துமளவுக்கு அதில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றி மூன்றாம் ஆண்டு கார்த்திகை மாதம். கம்சிகா ஏழு மாதம் வயிற்றில். மேற்சட்டையைப் பெரிதாகப் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏழாம் மாடிக் கூட்ட அறையில் தோல் கதிரை ஒன்றில், வீங்கின காலுக்குச் சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்தக் குந்தினவள், அப்படியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது சூப்பர்வைசர் முன்னால் நின்றார். கத்தவில்லை. ஒரு தாளைக் கொண்டுவந்து, வேலை நேரத்தில் நித்திரை கொண்டதால் நீக்கம் என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டாள். மேரிறோசின் கையெழுத்து, நல்ல வடிவாக.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லத்தான் நினைத்தாள். பரமேஸ்வரன் தடுத்தார். பேர் தந்த மனிசிக்கு எங்களால் வேலையும் போய்விட்டது என்று தெரிந்தால் நாளைக்கே முகம் கொடுக்க ஏலாது, பிள்ளை பிறக்கிற நேரத்தில் அவளுடைய கோபத்தில் இந்த அறையும் இல்லாமல் போனால் எங்கே போவது என்றார். அன்றிரவு பாலாம்பிகை மேரிறோசிடம், கொன்ட்ராக்ட் வேறு கொம்பனிக்குப் போய்விட்டது, இனி ஒருத்தரும் வரத் தேவையில்லையாம் என்றாள். அப்படி நடப்பது வழமைதான். மேரிறோஸ் நம்பினாள். விடியற்காலையில் எழும்பத் தேவையில்லை என்று ஒரு கிழமை சந்தோசமாகக்கூட இருந்தாள்.

இதோடு நின்றிருந்தால் பாலாம்பிகை எப்போதோ சொல்லியிருப்பாள். நிற்கவில்லை. மேரிறோஸ் யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வருடம் நேர்ஸ் பயிற்சி எடுத்து, சண்டையில் இடைநடுவில் விட்டவள். தை மாதம் ஒரு கொலிஜில் நேர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். குசினி மேசையில் வைத்துப் படிவத்தை நிரப்பும்போது தாள் சுருளாமல் கையால் அழுத்திப் பிடித்தவள் பாலாம்பிகை. உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம் என்ற இடத்தில் மேரிறோஸ் அந்தக் க்ளீனிங் கொம்பனியின் பெயரை எழுதினாள். பாலாம்பிகை பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பனி என்ன பதில் எழுதும் என்று அவளுக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

இடம் கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. மேரிறோஸ் தன் ஆங்கிலம் காணாது போல என்று முடிவுகட்டி, ஒரு ஆஸ்பத்திரியில் க்ளீனராகச் சேர்ந்து, இருபத்தெட்டு வருடம் நேர்ஸ்மாரின் காலடியில் மொப் இழுத்தாள்.

தோட்டம் ஒரு மேட்டுச் சரிவில் இருந்தது. வாசலில் நின்ற இளம் பெண் எல்லாருக்கும் சட்டையில் ஒட்டுகிற தாளைக் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னாள். இவர்களோடு மூன்று சோடி வெள்ளைக்காரர் வந்திருந்தார்கள்.

“இண்டைக்காவது உன்ர சொந்தப் பேரை எழுது,” என்றாள் மேரிறோஸ்.

பாலாம்பிகை ‘பாலா’ என்று எழுதி ஒட்டினாள். பேனையைத் திருப்பிக் கொடுத்தாள்.

நீள மேசையில் ஆளுக்கு நாலு கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு. குடிக்க விருப்பமில்லாதவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம் என்று நடுவில் ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். பிள்ளை காசு கொடுத்து வாங்கினதைத் துப்புவதா என்று மேரிறோஸ் வாளியைத் தள்ளி வைத்தாள். பூசையில் பாதர் குடிப்பதை இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். தனக்கு ஒரு முறை வந்திருக்கிறது என்று சிலுவை போட்டுக்கொண்டு குடித்தாள். இளம் பெண் இதில் பச்சை அப்பிள், இதில் நெல்லிக்காய், இதில் வாட்டின பாண் என்று ஒவ்வொரு மணமாகச் சொன்னாள். மற்றவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

“என்னக்கா மணக்குது?”

“பழப்புளி கரைச்ச தண்ணி. உப்புப் போட மறந்திட்டாங்கள்.”

நாலாவது கிளாஸில் பாலாம்பிகையின் காது சுட்டது. இப்போது சொல்லலாமோ என்று நினைத்தாள். அதற்குள் எல்லாரையும் தோட்டம் பார்க்க எழும்பச் சொல்லிவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் திராட்சை தலைக்கு மேலே பந்தலில் காய்க்கும். அண்ணாந்து வெட்ட வேண்டும். இங்கே இடுப்பளவு கம்பியில் வரிசை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். குனிந்து வெட்ட வேண்டும். அறுவடை நாள். கீழ்ச் சரிவில் முப்பது பேரளவில் குனிந்து நின்று வெட்டிப் பெட்டியில் போட்டார்கள், பாதிக்கு மேல் பொம்பிளைகள். மற்றவர்கள் குலைகளைப் படம் எடுத்தார்கள். மேரிறோஸ் குலையைப் பார்க்கவில்லை. முதுகுகளைப் பார்த்தாள்.

“அந்தப் பச்சைச் சட்டைக்காரி பழகினவள். முழங்காலை மடிச்சு வெட்டுறாள். பக்கத்தில நிக்கிறது புதுசு, நாளைக்கு எழும்ப ஏலாது.”

வரிசையின் கோடியில், அடுக்கின பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு பெண் தூணில் தலையைச் சாய்த்து நித்திரையாகிக் கிடந்தாள். முப்பது வயது இருக்கும். கையுறை கழற்றவில்லை. கத்தரி மடியில் கிடந்தது. வழிகாட்டிய இளம் பெண் சிரித்துக்கொண்டே எல்லாரையும் மற்றப் பக்கமாகத் திருப்பினாள். மேரிறோஸ் திரும்பவில்லை.

“பாவம், விடியப்புறம் வெளிக்கிட்டிருப்பாள்,” என்றாள். கண்காணி யாரும் வருகிறானா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அங்கே ஒரு மர வாங்கு கிடந்தது. முழங்கால் ஏலாது, நாங்கள் இதில் இருக்கிறோம் என்று சொல்லி பாலாம்பிகை அவளை இருத்தினாள். மற்றவர்கள் மேட்டில் ஏறிப் போனார்கள்.

“றோஸ் அக்கா. நானும் உப்பிடி நித்திரை கொண்டனான்.”

“எங்க?”

“உங்கட பேரில.”

பிறகு நிறுத்தாமல் சொன்னாள். தோல் கதிரை, தாள், கையெழுத்து, கொன்ட்ராக்ட் என்று சொன்ன பொய், குசினி மேசை, படிவம். நாலு கிளாஸ் வைனின் தைரியம் பாதியில் போய்விட்டது; மீதியை வெறுங்கையோடு சொன்னாள். மேரிறோஸ் தூங்குகிற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு நேரம் கொண்டனி?”

“இருவது நிமிசம் இருக்கும்.”

“நித்திரையை நான் பேசமாட்டன். ஏழு மாசத்துப் பிள்ளைத்தாய்ச்சி கதிரையைக் கண்டால் இருப்பாள், இருந்தால் கண் மூடும். ஆனா அந்தப் போமை நிரப்பேக்குள்ள நீ பக்கத்தில இருந்தனி.”

“ஓம்.”

“கொம்பனியின்ர பேரை எழுதேக்குள்ள பாத்துக்கொண்டிருந்தனி.”

“ஓம் அக்கா.”

“கோயில் பாதர் ஆரிட்டயும் கடிதம் எடுத்தாலும் காணும் எண்டு அந்தப் போமிலயே போட்டுக் கிடந்தது. வேலை செய்த இடமெண்டால் மதிப்பு எண்டு நான்தான் கொம்பனியை எழுதினனான். நீ வாய் திறந்திருந்தால் ஒரு வரியை வெட்டி எழுதியிருப்பன் பாலா. ஒரு வரி.”

கணவர்தான் சொல்ல வேண்டாம் என்றவர் என்று பாலாம்பிகை தொடங்கினாள். மேரிறோஸ் கையை உயர்த்தி மறித்தாள்.

“அவரை இழுக்காத. தாளைப் பிடிச்சது உன்ர கை.”

தூங்கிய பெண் திடுக்கிட்டு எழும்பி, இவர்கள் இருப்பதைக் கண்டு வெட்கப்பட்டு, கத்தரியை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் போனாள்.

தங்குவதற்குத் தந்த மரக் குடிலில் இரண்டு கட்டிலும் தண்ணி கொதிக்க வைக்க ஒரு கேத்திலும் இருந்தன. பின்னேரம் முழுக்க மேரிறோஸ் பேசவில்லை. சாப்பிடுகிற நேரம் வந்ததும் றோல் இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து, சம்பலைப் போட்டு, பாலாம்பிகையின் பக்கம் தள்ளினாள். முப்பது வருடப் பழக்கம். கோபம் அதைத் தடுக்கவில்லை. பாலாம்பிகை தின்றாள். தின்னாமல் விட்டால் அது இன்னொரு அவமரியாதை. முழந்தாளிட ஏலாதபடியால் மேரிறோஸ் கட்டில் விளிம்பில் இருந்தே செபம் சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இத்தனை வருடத்தில் அவள் தன்னோடு கோபித்த நாட்களைப் பாலாம்பிகை எண்ணிப் பார்த்தாள். மூன்று தரம். மூன்றும் அரிசி களைவது பற்றியது.

காலையில் பார்த்தால் மேரிறோஸ் கட்டிலில் இல்லை. வெளிப் படியில் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர். சரிவு முழுக்கப் பனிப்புகார் மூடிக் கிடந்தது. பாலாம்பிகை பக்கத்தில் குந்தினாள்.

நேர்சிங் போனது போனதுதான் என்று மேரிறோஸ் தொடங்கினாள். அறுபத்தைந்து வயதில் அதைத் தோண்டி எடுத்து என்ன செய்கிறது. இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன், அந்த வீட்டில் நீ இல்லாத ஒரு நாளைத் தேடினேன், கிடைக்கவில்லை என்றாள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சித் தந்ததும் நீ, பிறகு நான் கலியாணம் கட்டி றஜீவ் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நீ. அதையும் வைத்துக்கொண்டு இதையும் வைத்துக்கொண்டு இரு என்கிறாய், சரி, இருக்கிறேன்.

“ஆனா ஒண்டு கேக்கப் போறன்.”

“கேளுங்கோ.”

கம்சிகாவுக்குப் பத்து வயதில் நடந்த ஒன்றை மேரிறோஸ் சொன்னாள். பிள்ளை வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தது. இருதயத்தின் படத்தில் இரத்தக் குழாய்க்குப் பெயரை மாற்றி எழுதியிருந்தது. மேரிறோஸ் திருத்திக் கொடுத்தாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, அன்ரிக்குப் படிப்பு ஏறாது, அதுதான் க்ளீனிங் செய்கிறா என்று அம்மா சொன்னாவே, இது எப்படித் தெரியும் என்று கேட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிறது பிள்ளை என்று மேரிறோஸ் சொன்னாளாம்.

பாலாம்பிகைக்கு அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது. ஒரு தரம் சொன்னதில்லை, எத்தனையோ தரம். படி, படிக்காவிட்டால் றோஸ் அன்ரி மாதிரி மொப் இழுக்க வேண்டி வரும். கம்சிகா படித்தாள். பார்மசிஸ்ட் ஆனாள்.

“போன கிழமை எனக்கு வைச்ச பிரியாவிடை விருந்திலயும் உன்ர மகள் எழும்பி நிண்டு சொன்னவள் எல்லே. படிக்காட்டியும் எங்கட அன்ரி தங்கமான மனுசி எண்டு. நாப்பது பேர் கை தட்டினவை. நானும் சிரிச்சுக்கொண்டு இருந்தன்.” மேரிறோஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் ஏன் படிக்கேல்லை எண்டு உன்ர வாயால அவளுக்குச் சொல்லு. எனக்கு முன்னால. நான் பிளேன் ஏற முதல்.”

“சொல்லுறன்.”

“போன் எடுத்துச் சொல்லி, பிறகு எனக்குச் சொல்லிப்போட்டன் எண்டு கதை விடாத.”

“இல்லை அக்கா. இண்டைக்கே சொல்லுறன்.”

அதன்பிறகு மேரிறோஸ் வழமைபோலக் கதைத்தாள். ரயிலில் மிச்ச றோல்களை மூன்று பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தாள். மஞ்சள் ஒட்டுத்தாள் காலத்துக் கதைகளை மறுபடி தொடங்கினாள். வீட்டில் பதினாலு பேருக்கும் ஒரே குளியலறை என்பதால் யார் யார் எத்தனை மணிக்கு என்று கதவில் ஒட்டியிருந்த அட்டவணையை வரிசை மாறாமல் சொன்னாள். பாலாம்பிகை சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, கம்சிகாவின் முகம் முன்னால் வந்தது. அம்மா ஒருநாளும் பொய் சொல்லமாட்டா என்று அந்தப் பிள்ளை தன் கூட்டாளிகளிடம் சொல்வதைக் கேட்டு வளர்த்தவள் அவள். இந்த நாட்டில் அவள் சேர்த்த ஒரே பொருள் அதுதான்.

மேரிறோஸ் தன்ர ஸ்டேசனில் இறங்காமல் கோலியர்ஸ் வுட் மட்டும் கூட வந்தாள். அங்கே ஸ்டேசன் வாசலில் கம்சிகா காரோடு நின்றாள். இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து, முகர்ந்து பார்த்து, யார் கூடக் குடித்தது என்று கேட்டாள். மேரிறோஸ் முன் இருக்கையில் ஏறினாள். பாலாம்பிகை பின்னால் ஏறினாள். முதலில் அன்ரியை இறக்கிவிடுவது என்று டூட்டிங் பக்கம் கார் திரும்பியது. சனிக்கிழமை, வழி முழுக்க வாகனம். கம்சிகா பேசிக்கொண்டே ஓட்டினாள். வைன் எப்படி, கட்டில் எப்படி, குளிரினதா. மேரிறோஸ் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுடைய பிடரியைப் பார்க்கவே பாலாம்பிகைக்குத் தெரிந்தது.

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

“அன்ரி, ரொறன்ரோவில சீனியர்ஸுக்கு ஃப்ரீ கிளாஸ் நிறைய இருக்கு, நான் கூகிள் பண்ணிப் பாத்தனான்,” என்றாள் கம்சிகா. “இனியாவது கொஞ்சம் படியுங்கோ. யூ நெவர் காட் த சான்ஸ், நோ?”

மேரிறோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கம்சி,” என்றாள் பாலாம்பிகை.

“என்னம்மா?”

கண்ணாடிக்குள் மகளின் கண் தெரிந்தது.

“விளக்கு பச்சை.”

பிளாட் வாசலில் கம்சிகா இறங்கிப் பையைத் தூக்கினாள். மேரிறோஸ் கதவைப் பிடித்து மெல்ல இறங்கி, குனிந்து பின் இருக்கையைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. பத்தொன்பதாம் திகதி, காலை பத்தரைக்குப் பிளேன் என்று மட்டும் சொன்னாள். அது பாலாம்பிகைக்கு முன்பே தெரிந்த விபரம்.

கார் திரும்பி வீட்டுப் பக்கம் போனது. மேரிறோஸ் படிப்பு ஏறாதவள் இல்லை, அவளுடைய படிப்பைக் கெடுத்தது நான் என்று மகளுக்குச் சொல்ல வேண்டிய கடன் பாலாம்பிகையிடம் அப்படியே கிடந்தது. தவணைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.